தலசீமியா கேரியர்: மணலிப் புகையா காரணம்?

கேள்வி: எனக்கு வயது 26. தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். தாய்மாமன் மகனை மணந்திருக்கிறேன். இப்போது ஒன்பது வாரக் கர்ப்பம். முதல் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. அடுத்து ஒரு சோதனை எடுத்து, ஹீமோகுளோபின் ஏ2 5.3 சதவீதம் இருப்பதாகவும் நான் பீட்டா தலசீமியா கேரியர் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். பள்ளியில் படித்த நாளிலிருந்து இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டும் எனக்கு ரத்தம் ஏறியதே இல்லை. மணலி, எண்ணூர்ப் புகையைச் சுவாசித்து வளர்ந்ததால்தான் மரபணு கெட்டுவிட்டது என்கிறார் அத்தை. பிளஸ் டூவில் உயிரியல் படித்தபோது, டி.என்.ஏ.வில் வரும் பிழைகளைச் செல் தானே திருத்திக்கொள்ளும் என்று படித்தேன். எனக்கு மட்டும் ஏன் திருத்தவில்லை? கணவருக்கு ஹீமோகுளோபின் 13.2 இருப்பதால் அவருக்கு எந்தச் சோதனையும் வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். குழந்தைக்கும் இது வருமா? மருந்தால் மரபணுவைச் சரிசெய்ய முடியுமா? இருவருடைய ரிப்போர்ட்டுகளையும் இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் நாள் கணக்கோடு தொடர்புடைய விஷயம் ஒன்று இருந்ததால், அதைப் பற்றி மட்டும் இரண்டு வரிகளை முன்கூட்டியே உங்களுக்கு அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதால், அதையே முதலில் இங்கே விரிவாக எழுதுகிறேன். தலசீமியா என்பது ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரைக் குறை; அதற்கான மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் குறை உள்ளவரைத்தான் கேரியர் என்கிறோம்.

உங்கள் கணவரின் ரிப்போர்ட்டில் எல்லோரும் 13.2 என்ற எண்ணை மட்டும் பார்த்திருக்கிறார்கள். அதற்கு இரண்டு வரி கீழே ஆர்.பி.சி. எனப்படும் சிவப்பணு எண்ணிக்கை 61 லட்சம் என்றும், எம்.சி.வி. 66 என்றும் இருக்கிறது. எம்.சி.வி. என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். பெரியவர்களுக்கு அது 80க்கு மேல் இருக்க வேண்டும். அவருடைய சிவப்பணுக்கள் அளவில் மிகச் சிறியவை, எண்ணிக்கையில் மிக அதிகம். எண்ணிக்கை அதிகமாக இருப்பதால்தான் மொத்த ஹீமோகுளோபின் 13.2 வரை வந்திருக்கிறது. 61 லட்சம் என்பது பத்து லட்சக் கணக்கில் 6.1. எம்.சி.வி.யான 66ஐ அந்த 6.1ஆல் வகுத்துப் பாருங்கள், 11க்குக் கொஞ்சம் குறைவாக வரும். இந்த விடை 13க்குக் கீழே இருந்தால் இரும்புச் சத்துக் குறைபாட்டைவிடத் தலசீமியா கேரியர் நிலையையே முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது ரத்தவியலில் பழைய கணக்கு. உங்களுடைய எம்.சி.வி. 63ஐ உங்கள் சிவப்பணு எண்ணிக்கையான 5.1ஆல் வகுத்தாலும் 13க்குக் கீழேதான் வருகிறது. இந்தக் கணக்கை மட்டும் வைத்து எதையும் உறுதி செய்துவிட முடியாது. ஆனால் உங்களுக்குச் செய்த, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் அதே எச்.பி.எல்.சி. சோதனையை உங்கள் கணவருக்கும் இந்த வாரமே செய்தாக வேண்டும் என்று சொல்ல இது போதும். அவர் ஆரோக்கியமாக இருக்கிறார், காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான கேரியர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

நீங்கள் தாய்மாமன் மகனை மணந்தவர் என்பதால், சோதனைக்கு முன்பே ஒரு கணக்குப் போட முடியும். உங்களிடம் இருக்கும் மரபணு மாற்றம் உங்கள் அம்மா வழியில் வந்திருக்கப் பாதி வாய்ப்பு. அப்படி வந்திருந்தால் அது உங்கள் மாமாவிடமும் இருக்கப் பாதி வாய்ப்பு. மாமாவிடமிருந்து அவர் மகனுக்கு வந்திருக்க மறுபடியும் பாதி. ஆக, எட்டில் ஒரு பங்கு. சொந்தம் இல்லாத ஒருவரை மணந்திருந்தால் இந்த வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு குறைவாக இருந்திருக்கும். சொந்தத்தில் கட்டியது தவறு என்று சொல்ல இதை எழுதவில்லை. முடிந்துபோன திருமணத்தைப் பற்றி இப்போது பேசி யாருக்கும் லாபமில்லை. சொந்தத்தில் மணந்தவர்கள் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதுதான் இந்தக் கணக்கின் பொருள்.

இனி, அத்தை சொன்ன புகை. வட சென்னையின் காற்றைப் பற்றி அவருக்கு இருக்கும் கோபம் நியாயமானது, புகைக்கும் டி.என்.ஏ.வுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எரிபொருள் புகையில் இருக்கும் பென்சோபைரீன் போன்ற பொருள்கள் உடலுக்குள் மாற்றமடைந்து டி.என்.ஏ.வை ஆக்கும் நான்கு வேதி எழுத்துகளில் ஒன்றான குவானைனோடு ஒட்டிக்கொள்கின்றன; அந்த நிலையில் செல் தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுத்தால் அந்த இடத்தில் தவறான எழுத்து விழலாம். நுரையீரல் புற்றுநோய் உருவாகும் வழிகளில் இது ஒன்று. ஆனால் நுரையீரலில் ஒரு செல்லில் விழுந்த தவறு, அந்தச் செல்லிலும் அதிலிருந்து பிரிந்து பெருகும் செல்களிலும் மட்டுமே இருக்கும். உங்கள் விஷயம் அப்படிப்பட்டதல்ல. எலும்பு மஜ்ஜையில் நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் உருவாகின்றன. அத்தனைக்கும் ஒரே தவறு இருந்தால்தான் ரிப்போர்ட்டில் ஏ2 5.3 என்று வரும். அப்படியென்றால், நீங்கள் தாயின் வயிற்றில் ஒற்றைச் செல்லாக இருந்தபோதே அந்த மாற்றம் உங்களிடம் இருந்திருக்கிறது. உங்கள் பெற்றோரில் ஒருவருக்கும் அது அநேகமாக நிச்சயம் இருக்கும். இருவருக்கும் ஒரு சாதாரண ரத்த எண்ணிக்கை எடுத்துப் பார்த்தாலே எம்.சி.வி. யாரென்று காட்டிக்கொடுத்துவிடும்.

பெற்றோரிடம் இல்லாத புது மாற்றங்கள் ஒவ்வொரு குழந்தைக்கும் உண்டு என்பதும் உண்மையே. இரு பெற்றோரிடமிருந்தும் சேர்த்து நாம் பெறும் ஏறத்தாழ 640 கோடி எழுத்துகளில் 60, 70 எழுத்துகள் அப்படிப் புதிதாக மாறியிருக்கும். அவற்றில் பெரும்பகுதி தந்தையின் விந்தணு வழியாக வருகிறது. அந்தச் சில பத்து எழுத்துகளில் ஒன்று சரியாக பீட்டா குளோபின் மரபணுவில் போய் விழுவதற்கான வாய்ப்பு மிக மிகச் சொற்பம். தலசீமியாவை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தாமஸ் கூலி என்ற குழந்தை மருத்துவர் 1925இல் முதன்முதலாக விவரித்தபோது, மணலியில் சுத்திகரிப்பு ஆலை கிடையாது; அது இயங்கத் தொடங்கியது 1969இல்தான். மாற்றம் அதற்கெல்லாம் வெகு காலம் முந்தையது. ஒரு குறையுள்ள பிரதி உடையவர்களை மலேரியா அவ்வளவு எளிதில் கொல்வதில்லை என்பதால், மலேரியா நிறைந்த நாடுகளில் இந்த மாற்றம் அழியாமல் நிலைத்தது. ஹால்டேன் என்ற உயிரியலாளர் 1949இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். பின்னாளில் அவர் இந்தியக் குடிமகனாகிப் புவனேஸ்வரில் காலமானார்.

உங்கள் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது, செல் ஏன் இதைத் திருத்தவில்லை என்பது. பாடப்புத்தகத்தில் படித்தது சரிதான். செல் பிரிவதற்கு முன் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் விலகுகின்றன. ஒவ்வொரு பழைய இழையின் எதிரிலும் அடினைனுக்குத் தைமின், குவானைனுக்குச் சைட்டோசின் என்ற கணக்கில் புதிய இழை கட்டப்படுகிறது. பிறக்கும் இரண்டு செல்களுக்கும் ஒரு பழைய இழையும் ஒரு புதிய இழையும் போகின்றன என்பதை மெசல்சன், ஸ்டால் ஆகிய இருவரும் 1958இல் சோதனை மூலம் காட்டினார்கள். மனிதச் செல்லில் இந்த வேலை நொடிக்குச் சுமார் 50 எழுத்து என்ற வேகத்தில் நடக்கிறது. ஒரு முனையில் தொடங்கினால் முடியவே முடியாது என்பதால், பல்லாயிரம் இடங்களில் ஒரே சமயத்தில் தொடங்கி ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. எழுத்துகளைக் கோக்கும் நொதியான பாலிமரேஸ், சுமார் ஒரு லட்சம் எழுத்துக்கு ஒரு முறை தவறான எழுத்தை எடுத்துவிடுகிறது. ஆனால் அந்தத் தவறு சரியாகப் பொருந்தாததால் தானே ஓர் அடி பின்வாங்கி அதை வெட்டி எறிந்துவிட்டுச் சரியானதை வைக்கிறது. அதையும் தாண்டிப் போன தவறுகளைத் தேடிப் பிடிக்க வேறு புரதங்கள் பின்னாலேயே வருகின்றன. எல்லாம் முடிந்தபின் எஞ்சுவது, ஏறத்தாழ 100 கோடி எழுத்துக்கு ஒரு தவறு, அல்லது அதைவிடவும் குறைவு. இதுபோன்ற பழுதுபார்க்கும் முறைகளைக் கண்டறிந்த மூவருக்கு 2015இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பின்னால் வரும் அந்தப் புரதங்கள் எதைத் தேடுகின்றன என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். அவற்றுக்கு ஹீமோகுளோபின் என்றால் என்னவென்று தெரியாது. எந்த எழுத்து நல்லது, எது கெட்டது என்றும் தெரியாது. இரண்டு இழைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் புடைத்துக்கொண்டிருக்கும் இடத்தை மட்டுமே அவை கண்டுபிடிக்கின்றன. உங்கள் முன்னோர் ஒருவரின் இனச்செல்லில், என்றோ ஒரு நாள், குவானைன் இருக்க வேண்டிய இடத்தில் சைட்டோசின் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சுற்றில் மட்டும் எதிர் இழையோடு பொருந்தாத புடைப்பு ஒன்று இருந்திருக்கும். அது கண்ணில் படாமல் தப்பி, செல் அடுத்த முறை பிரதி எடுத்தபோது, மாறிய சைட்டோசினுக்கு எதிரே முறைப்படி குவானைன் வந்து உட்கார்ந்திருக்கும். அத்தோடு புடைப்பு மறைந்துவிட்டது. இரண்டு இழைகளும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. திருத்தும் புரதங்களின் பார்வையில் அங்கே பிழை என்று எதுவுமே இல்லை. அதன் பிறகு எத்தனை தலைமுறை வந்தாலும் நல்ல எழுத்தை எவ்வளவு கவனமாகப் பிரதி எடுக்குமோ, அவ்வளவு கவனமாக அந்த எழுத்தையும் செல் பிரதி எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். உங்கள் செல்கள் கவனக்குறைவாக இருந்ததால் இது வரவில்லை, சகோதரி; அவை அவ்வளவு கவனமாக இருந்ததால்தான் உங்கள் பாட்டி, பூட்டியைத் தாண்டி உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த ஓர் எழுத்தால் என்ன கெடுகிறது? பீட்டா குளோபின் மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. சுமார் 1,600 எழுத்துகள் கொண்ட சிறிய மரபணு. தந்தை வழியில் ஒன்று, தாய் வழியில் ஒன்று என எல்லோருக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. சிவப்பணுவாக மாறப்போகும் செல்லின் உட்கருவில் இந்த மரபணு முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. புரதத்துக்குத் தேவையான பகுதிகள் மூன்று துண்டுகளாக இருக்கும்; அவற்றுக்கு நடுவே தேவையில்லாத இரண்டு பகுதிகள் இருக்கும். இவற்றுக்கு இன்ட்ரான் என்று பெயர். இன்ட்ரான்களை வெட்டி எடுத்துவிட்டு மற்றவற்றை ஒட்டிய பிறகுதான் தூது ஆர்.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வருகிறது. ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலம் என்று கோக்கிறது. எந்த மூன்றெழுத்துக்கு எந்த அமினோ அமிலம் என்ற அகராதியை முழுமையாக்கியதில் பெரும் பங்கு பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானாவுடையது. 1968இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவ்வாறு 146 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா சங்கிலி தயாராகிறது. இரண்டு பீட்டா, இரண்டு ஆல்ஃபா, ஒவ்வொன்றுக்கும் இரும்பைத் தாங்கிய ஒரு ஹீம் ஆகியவை சேர்ந்ததே ஒரு ஹீமோகுளோபின்.

உங்களிடம் இருப்பது எந்த மாற்றம் என்பதை மரபணுச் சோதனைதான் சொல்ல வேண்டும். இந்தியாவில் மிக அதிகமாகக் காணப்படும் மாற்றம், முதல் இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்து குவானைனிலிருந்து சைட்டோசினாக மாறியிருப்பது. அந்த எழுத்து புரதத்தின் எந்த அமினோ அமிலத்தையும் குறிப்பதில்லை; எப்படியும் வெட்டி எறியப்படும் பகுதியில்தான் இருக்கிறது. பிறகு எப்படி அது கெடுதல் செய்யும் என்று பல மருத்துவ மாணவர்களே கேட்பதுண்டு. தையற்காரர் துணியில் சாக்கட்டியால் போடும் கோட்டைப் போல, எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் அடையாளத்தின் ஒரு பகுதி அது. கோடு மங்கிவிட்டதால், வெட்டும் புரதங்கள் பெரும்பாலான முறை அக்கம்பக்கத்தில் கோடு மாதிரித் தெரியும் வேறு இடங்களில் வெட்டிவிடுகின்றன. அப்படி வெட்டப்பட்ட ஆர்.என்.ஏ.வால் பீட்டா சங்கிலி கிடைக்காது. எப்போதாவது சரியான இடத்தில் வெட்டு விழும்போது கிடைப்பது, குறையே இல்லாத பீட்டா சங்கிலி. அளவுதான் மிகமிகக் குறைவு. ஆக, இந்த மாற்றத்தால் வரும் தலசீமியாவில் புரதம் தரத்தில் கெடுவதில்லை, அளவில் வற்றிப்போகிறது. உங்களுக்கு இன்னொரு 11ஆம் குரோமோசோமில் இருக்கும் நல்ல பிரதி வேலை செய்வதால் பெரிய தொல்லையின்றி வாழ்கிறீர்கள். பீட்டா குறைவாக இருப்பதால் டெல்டா என்ற இன்னொரு சங்கிலியோடு ஆல்ஃபா கூடுதலாக இணைகிறது. அதுதான் ரிப்போர்ட்டில் உயர்ந்து தெரியும் ஏ2. வழக்கமாக அது 3.5 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்.

மாத்திரை ஏன் பலன் தரவில்லை என்பதும் இதிலிருந்தே புரியும். குறைவது இரும்பு இல்லை, சங்கிலி. ஆனால் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கேரியராக இருப்பவருக்கும் இரும்புச் சத்துக் குறைவு தனியாக இருக்கலாம். கர்ப்ப காலத்தில் தேவையும் அதிகம். உடலில் உள்ள இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை செய்து, குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் சாப்பிடுங்கள். ஃபோலிக் அமிலத்தைத் தொடருங்கள். உங்கள் ஹீமோகுளோபின் 12ஐத் தொட வேண்டும் என்று யாராவது விடாப்பிடியாக நரம்பில் இரும்பு ஏற்ற முன்வந்தால், முதலில் இந்த ஏ2 ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.

குழந்தையைப் பற்றி. கணவரின் ஏ2 இயல்பாக இருந்தால், இரும்புச் சத்துக் குறைவாலும் ஏ2 தாழ்ந்து தெரியும் என்பதால், அவருடைய சிவப்பணுக்கள் ஏன் இவ்வளவு சிறியவை என்பதை ஒருமுறை உறுதி செய்ய வேண்டியிருக்கும். அதுவும் தெளிவாகிவிட்டால், குழந்தை அதிகபட்சம் உங்களைப் போன்ற கேரியராக இருக்குமே தவிர, தலசீமியா மேஜர் என்ற கடுமையான நோய் வராது. அவரும் கேரியர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, இருவரிடமிருந்தும் குறையுள்ள பிரதியே குழந்தைக்குப் போவதற்கு. நான்கில் இரண்டு பங்கு கேரியராக இருப்பதற்கு. மீதி ஒரு பங்கு இரண்டும் நல்ல பிரதியாக இருப்பதற்கு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. இரண்டும் குறையுள்ள பிரதிகளாக அமைந்தால், துணையில்லாத ஆல்ஃபா சங்கிலிகள் திரண்டு படிந்து, சிவப்பணுக்களை மஜ்ஜையிலேயே அழித்துவிடும். பிறந்த குழந்தை நன்றாகவே இருக்கும். ஏனென்றால் கருவில் சுரக்கும் ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி இருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு, காமா குறைந்து பீட்டா பொறுப்பேற்க வேண்டிய நேரத்தில்தான் சோகை தெரியத் தொடங்கும். பிறகு வாழ்நாள் முழுவதும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும்; அதனால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றத் தினமும் மருந்து வேண்டும்.

அதனால்தான் நாள் கணக்கு முக்கியம். இருவரும் கேரியர் என்று உறுதியானால், முதலில் உங்கள் இருவரிடமும் எந்த மாற்றம் இருக்கிறது என்று மரபணுச் சோதனையில் கண்டுபிடிக்க வேண்டும்; அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். பிறகு 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியின் நுண்விரல்களிலிருந்து துளி திசு எடுத்துக் குழந்தையின் டி.என்.ஏ.வைப் பார்க்கலாம், அந்தக் காலம் தவறினால் 16ஆவது வாரம் வாக்கில் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கலாம். பழகிய கைகளில் இவற்றால் கர்ப்பம் கலையும் அபாயம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இந்தச் சோதனையைச் சட்டப்படி பதிவு பெற்ற மையத்தில்தான் செய்ய முடியும். குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள், வீட்டில் யாரும் கேட்கவும் கூடாது. ஸ்டான்லி போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு வெளிநோயாளர் பிரிவில் இரு ரிப்போர்ட்டுகளையும் காட்டிக் கேட்டால், அடுத்து எங்கே போக வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள். முடிவு எப்படி வந்தாலும் கர்ப்பத்தைத் தொடர்வதா என்பதை நீங்களும் கணவரும் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். அத்தையும் இல்லை, நானும் இல்லை.

மருந்தால் மரபணுவைச் சரிசெய்ய முடியுமா என்றால், உங்களுக்கு அது தேவையே இல்லை. கேரியர் நிலை நோயல்ல. மேஜர் நிலையில் உள்ள குழந்தைகளுக்குப் பொருத்தமான மஜ்ஜை கிடைத்தால் மாற்று சிகிச்சை குணமளிக்கும், வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யப்படுகிறது. நோயாளியின் மஜ்ஜைச் செல்களை வெளியே எடுத்து, காமா சங்கிலியை அடக்கிவைக்கும் பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியை வெட்டிச் செயலிழக்கச் செய்து, கருக்கால ஹீமோகுளோபினையே மறுபடியும் சுரக்கவைக்கும் சிகிச்சைக்குப் பிரிட்டன் 2023 நவம்பரில் அனுமதி அளித்தது. கவனியுங்கள்: அதிலும் பீட்டா மரபணுவின் பழைய எழுத்தை யாரும் திருத்துவதில்லை. செலவு நம்மில் மிகப் பெரும்பாலோர் நினைத்துப் பார்க்க முடியாத அளவு என்பதால், இன்றைக்கு அதை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம்.

உங்கள் தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அவரும் கேரியராக இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. நிச்சயதார்த்தத்துக்கு முன்பே அவருக்கு ஏ2 சோதனை செய்துவிடுங்கள். கேரியர் என்று வந்தால் மாப்பிள்ளைக்கும் அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அவர் சொந்தமாக இருந்தால் கட்டாயம். கணவரின் எச்.பி.எல்.சி. ரிப்போர்ட் வந்தவுடன், ரத்த எண்ணிக்கைத் தாளையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.